மிதவையில் ஓர் ஆள் அதிகம்

நெவென்கா முதலில் கவனித்தது ஒரு குவளையைத்தான். மத்தியானம் சாய்ந்திருந்தது, கடை திறக்க இன்னும் பொழுது இருந்தது. மேஜைகளைத் துடைத்து முடித்தவள், குளிருக்கு ஒரு வாய் குடிக்கலாம் என்று பிளம்ஸ் சாராயத்தைக் கொஞ்சம் ஊற்றி பார் பலகைமேல் வைத்தாள். சாராயம் குவளைக்குள் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் நகத்தளவு ஏறி, மறுபக்கம் அதே அளவு இறங்கி, அசையாமல் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் பலகை கோணல் என்று விட்டிருப்பார்கள். அவளால் முடியவில்லை. அவள் சாவா ஆற்றின்மேல், பெல்கிரேட் கரையோடு இரும்புக் கயிறுகளால் கட்டிப்போட்ட ஒரு மிதவை மதுக்கடையில் பாதி வாழ்நாளாக மது ஊற்றுகிறவள். மிதவை தராசு மாதிரி. கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தாழும், அந்தப் பக்கமே குவளையில் மது ஏறி நிற்கும். வாசலில் கால் வைத்தவர் ஒல்லியா தடியா என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

இப்போது உள்ளே அவளைத் தவிர யாரும் இல்லை. சாராயம் சன்னலோர மேஜைப் பக்கமாக ஏறி நின்றது.

அது ஒப்ராட் உட்காரும் மேஜை. ஒப்ராட் அவள் புருஷன், இந்த மிதவையின் முதலாளி. நெட்டையான, கனத்த ஆள்; நடைபலகையில் அவன் ஏறினால் கரை பக்கத்துக் கம்பம் முனகும். குளிர்காலம் தொடங்கியபோது ஒரு ராத்திரி, கயிற்றை இறுக்கப் போனவன் உறைந்த விளிம்பில் வழுக்கி ஆற்றுக்குள் போனான். மறுநாள் கீழே, பாலத்துக்கு அப்பால் எடுத்தார்கள்.

நான்கைந்து நாளைக்கு முன்னால்தான் நாற்பதாம் நாள் காரியம் முடிந்தது. அங்கேதான் அவள் அந்தத் தவறைச் செய்தாள்.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு எல்லோரும் மிதவைக்கு வந்தார்கள். சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்த வேகவைத்த கோதுமை, மீன், சிவப்பு ஒயின். அவன் நாற்காலியைக் காலியாக விட்டு, முன்னால் ஒரு குவளை நிறைய ஊற்றி வைத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இது சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிடும் பழக்கம். உயிரோடு இருப்பவர்களுக்காகக் குடித்தால் கண்ணுக்குக் கண் பார்த்து, குவளையோடு குவளை இடித்து, "வாழ்வோம்!" என்பார்கள். செத்தவருக்காகக் குடித்தால் இடிக்கவே கூடாது. முதலில் தரையில் ஒரு சொட்டு விட வேண்டும். "மண்ணு அவனுக்கு லேசா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து குடிக்க வேண்டும்.

நெவென்காவுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் ராத்திரிக்கு எத்தனை பேர் அவளோடு குவளை இடிக்கிறவர்கள்! களைத்துப்போன கைக்கு எது கல்யாணம், எது காரியம் என்று அந்த ஒரு கணம் மறந்துவிட்டது. சொட்டு விடவில்லை. நேரே கை நீட்டி அவன் குவளையில் இடித்துவிட்டாள். கண்ணும் பழக்கத்தில் நிமிர்ந்து, அவன் கண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தது. வாய் "வாழ்வோம்" என்றது.

டிங் என்று ஒரு சத்தம். அது அடங்க ரொம்ப நேரம் எடுத்தது.

யாரோ இருமினார்கள், யாரோ ரொட்டி கேட்டார்கள், எல்லாம் நகர்ந்துவிட்டது. நம் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நாமும் அப்படித்தான் நகர்ந்திருப்போம்.

நெவென்கா இப்போது குவளையை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் சன்னல் பக்கமே ஏறியது. குடிக்காமல் கொட்டிவிட்டாள்.

*

ரத்தோமிர் அக்கார்டியன் பெட்டியோடு வந்தார். ஒப்ராட்டின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர், மிதவையில் ராத்திரிதோறும் வாசிப்பவர். அவள் சொன்னதைக் கேட்டு, முணுமுணுத்துக்கொண்டே டார்ச் விளக்கோடு அடித்தளத்துக்குள் இறங்கினார். மிதவையைத் தாங்கும் இரும்புத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் தரைக்குக் கீழே நகர்ந்து நகர்ந்து போனது. சன்னலோர மேஜைக்கு அடியில் மட்டும் அந்தத் தட்டல் மந்தமாகக் கேட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது.

முழங்காலில் சகதியோடு ஏறி வந்தார்.

"ஓட்டை ஒண்ணும் இல்லம்மா. தொட்டியெல்லாம் காஞ்சு கெடக்கு."

"அப்ப ஏண்ணே ஒரு பக்கமா தாழுது?"

"அடியில ஐஸ் ஒட்டியிருக்கும். இல்லன்னா உன் புருஷன் இத்தனை வருஷமா தின்ன முட்டைக்கோஸ் உருண்டையெல்லாம் அங்கயே தேங்கிக் கெடக்கோ என்னமோ."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, அன்னைக்கு நான் குவளைய இடிச்சேனே..."

"அதையா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்க? கைப்பழக்கம்மா அது. நான் எங்கம்மா செத்தன்னைக்குத் துக்கம் தாங்காம பொட்டிய எடுத்து ஆட்டப்பாட்டு வாசிச்சேன். அந்தம்மா என்ன எந்திரிச்சா ஆடினா?" பெட்டியைத் திறந்தார். "இன்னைக்கு ராத்திரி நம்ம பழைய காலண்டர் கணக்குல புது வருஷம் பொறக்குது. மேஜை ஒண்ணு பாக்கியில்ல. மூஞ்சிய இப்படி வச்சுக்காத, பீர் புளிச்சுடும்."

அவர் விரலைச் சூடுபடுத்த ஒரு மெட்டை இழுத்துப் பார்த்தார். நெவென்கா பாட்டில்களைத் துடைக்கப் போனாள். பாருக்குப் பின்னால் சுவர் முழுக்க அடுக்கிய பாட்டில்கள்; விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றிலும் மது ஒரு பொன்கோடு போட்டிருக்கும். அத்தனை கோடுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

அப்போது நடைபலகை லேசாகக் கிரீச்சிட்டது. யாகோதா உள்ளே வந்தாள். அவள் மகள், இருபத்து மூன்று வயது, காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. கையில் நீலப் பெட்டி. தலையில் பனித்தூள்.

பாட்டில்களில் கோடுகள் அசைந்தன. சன்னல் பக்கம் சாய்ந்திருந்தவை மெல்லச் சமனாகி, வாசல் பக்கமாகத் திரும்பின. அவசரமில்லாமல், எல்லாம் சேர்ந்து. யாரோ நாற்காலியைவிட்டு எழுந்து மகளைப் பார்க்கப் போவதுபோல.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"பெட்டிய எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த?"

"விடிஞ்சதும் இங்கேருந்தே பஸ்ஸுக்குப் போயிடலாம்னுதான். வீட்டுக்குப் போயி படுத்தா எந்திரிக்க மாட்டேன்."

வியன்னாவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. போன வருஷமே கிடைத்தது. ஒப்ராட் விடவில்லை. அடிக்கிற ஆள் இல்லை அவன், கத்துகிற ஆளும் இல்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நீ இந்த மிதவைய விட்டு எங்கயும் போகல, கண்ணு" என்று அன்பாகச் சொல்லிவிட்டான். பேச்சு முடிந்தது. இந்த முறை அவளைத் தடுக்க யாருமில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நெவென்காதான்.

நான் உசுரோட இருக்கிற வரைக்கும். அவனுக்கு உயிர் இருக்கிறது என்று குவளை இடித்துச் சொன்னது யார்?

*

இருட்டியதும் கூட்டம் நிறைந்துவிட்டது. கோஷவா என்கிற குளிர்காலப் பேய்க்காற்று ஆற்றின்மேல் ஊளையிட்டு, கண்ணாடிச் சன்னல்களை அதன் சட்டங்களோடு சேர்த்து உலுக்கியது. உள்ளே சிகரெட் புகையும், ஈரக் கம்பளிக் கோட்டு நாற்றமும், வறுத்த மிளகாயும், சிந்திய பீரும் கலந்து தொண்டையில் ஒட்டியது. ரத்தோமிரின் விரல் ஓட ஓட ஆட்கள் நாற்காலிமேல் ஏறி, கை விரித்து, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். எங்கே பார்த்தாலும் குவளைகள் இடித்தன. டிங். டிங். "வாழ்வோம்!"

ஒவ்வொரு சத்தத்துக்கும் நெவென்காவின் கண் வாசலுக்குப் போனது. கரையிலிருந்து இறங்கும் நடைபலகை எப்போதும் சற்றுச் சரிவாகத்தான் இருக்கும். கூட்டம் ஏறினால் இன்னும் சரியும். ஆனால் கூட்டம் ஏறி முடிந்து வெகுநேரமாகிவிட்டது, வாசலில் புதிதாக யாருமில்லை. பலகை இன்னும் சரிந்துகொண்டே போனது. ஒரு மேஜை இடிக்கும், பலகை ஒரு துளி தாழும். அடுத்த மேஜை இடிக்கும். இன்னொரு துளி.

அவன் கனத்துக்கொண்டிருந்தான்.

அவள் சமையலறை அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் குவளைகளை மேஜை மேஜையாகப் பொறுக்கினாள்.

"என்னக்கா இது?" டாக்ஸி ஓட்டுகிற ஒரு மீசைக்காரர் கப்பை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "பால்வாடிப் புள்ளைக்குப் பொறந்தநாளா? கேக் எங்க? பலூன் எங்க?"

"குவளை உடையுதுப்பா. எல்லாரும் ஆடுறீங்க..."

"உடையட்டும்! உடையாம என்ன புது வருஷம்? ஒப்ராட் அண்ணன் இருந்திருந்தா மொதக் குவளைய அவரே போட்டு ஒடச்சிருப்பார்."

"அந்தப் பேர சொல்லாதீங்க!"

அவள் குரல் பாட்டையும் தாண்டிக் கேட்டது. பக்கத்து மேஜைகள் திரும்பின. மீசைக்காரருக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது; பாவம், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பீர் பாட்டிலைத் தூக்கினார். "மன்னிச்சுக்கக்கா. அவருக்காகவும் சேத்து." எதிரே இருந்தவர் பாட்டிலோடு தன் பாட்டிலை இடித்தார். அதைப் பார்த்து அடுத்த மேஜையும் இடித்தது. மிதவை முழுக்கப் பாட்டில்கள் இடித்தன.

வாசல் பலகை முனகியது.

நெவென்கா மகளைத் தேடினாள். யாகோதா தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனாள். அவள் இடப்பக்கம் போனால் பாட்டில்களின் கோடுகள் இடப்பக்கம் ஏறின. வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். இத்தனை கூட்டம் ஆடும் மிதவையில், காற்றடித்தால் பறக்கிற பெண் போன பக்கமெல்லாம் தரை தாழ்ந்தது. அவளுக்கு ஓரடி பின்னால். எப்போதும் ஓரடி பின்னால்.

கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"இப்பவே கிளம்பு."

"எங்க? விடிகாலைலதான் பஸ்."

"பஸ் நிலையத்துல உக்காரு. ரத்தோமிர் பெரியப்பா வீட்டுல போயி படு. எங்கயாவது போ. இங்க இருக்காத."

"இன்னைக்கு ராத்திரி உன்ன தனியா விடக் கூடாதுன்னுதாம்மா நான் தட்டத் தூக்கிட்டுத் திரியிறேன்." யாகோதாவின் கண் நிறைந்தது. "அப்பா போக விடல. நீ துரத்துற. என்னைய என்னதான் பண்ணச் சொல்றீங்க ரெண்டு பேரும்?"

"அவரைச் சேத்துப் பேசாதடீ..."

நெவென்கா மகளின் முகத்தைக் கையில் ஏந்தினாள். மகள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அம்மாவின் உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள்.

"சரிம்மா. பன்னண்டு அடிச்சதும் எல்லாரும் வாணவேடிக்கை பாக்கக் கரையேறுவாங்கல்ல, நானும் பெட்டியோட ஏறிடறேன். அந்த மீசைக்காரர் காருல விட்டுடுவார். போதுமா?"

அடுப்பில் வைத்திருந்த சூப், சட்டியின் ஓரமாக ஏறி, அவர்கள் நின்ற பக்கமாக வழிந்தது.

*

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி நெவென்காவே விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். "கரைக்கு! எல்லாரும் கரைக்குப் போங்க! அங்க நல்லாத் தெரியும்!" ஆட்கள் சிரித்துக்கொண்டே, கோட்டு மாட்டிக்கொண்டே, பாட்டில்களையும் ஒளித்து வைத்திருந்த குவளைகளையும் கையோடு எடுத்துக்கொண்டே, நடைபலகையில் ஒருவரையொருவர் தள்ளி ஏறினார்கள். யாகோதா நீலப் பெட்டியோடு நடுவில் போனாள். ரத்தோமிர் அக்கார்டியனை மார்போடு கட்டிக்கொண்டு வாசித்தபடியே போனார்.

கடைசி ஆள் போனார். நெவென்கா மட்டும் உள்ளே நின்றாள்.

புகை மட்டும் விளக்கைச் சுற்றி மிதந்தது. எங்கோ ஒரு மேஜையிலிருந்து பீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மெல்லத் திரும்பி பாட்டில்களைப் பார்த்தாள்.

கோடுகள் சன்னலோர மேஜைப் பக்கம் சாய்ந்திருந்தன.

உட்கார்ந்திருக்கிறான். மகள் போய்விட்டாள், அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். இத்தனை நாளில் முதல்முறையாக அவனைப் பார்த்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, பேசினாள்.

"உக்காந்துக்கங்க. மிதவை உங்களோடது. நானும் இங்கதான் இருப்பேன். புள்ளைய மட்டும் விட்டுடுங்க."

கோடுகள் அசையவில்லை. முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வாசலுக்குப் போனாள். கண்ணை எடுக்காமல் நடைபலகை ஏறினாள். கரையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

கரையில் பனி உறைந்து கல்லாகக் கிடந்தது. ஆட்கள் அதன்மேல் குதித்தார்கள், ஒரு தடம்கூடப் பதியவில்லை. யாகோதா சற்றுத் தள்ளி, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையை ஊதிக்கொண்டு நின்றாள். மீசைக்காரர் கார்ச் சாவியை ஆட்டிக் காட்டினார். எல்லாம் நல்லபடியாக இருந்தது.

நெவென்கா திரும்பி மிதவையைப் பார்த்தாள்.

அது உயரவில்லை.

அத்தனை பேர் இறங்கிவிட்டார்கள். ஒரு சாண் உயர வேண்டும். எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறாள். கூட்டம் போனதும் மிதவை பெருமூச்சு விட்டதுபோல எழும்பும். இன்று எழும்பவில்லை. ஆள் நிறைந்த மிதவை எப்படித் தாழ்ந்திருக்குமோ அப்படியே, ஆற்று நீர் தரை விளிம்பை நக்க, விளக்கெரிய, காலியாக நின்றது.

"பத்து!" என்று கூட்டம் எண்ணத் தொடங்கியது. "ஒம்போது!"

நடைபலகையின் கீழ்முனை தாழ்ந்தது.

மிதவை ஒரு விரல் எழும்பியது.

"ஏழு!"

பலகையின் நடு வளைந்தது. மரம் நெறிபட்டது. மிதவை எழும்பியது. இன்னும். இன்னும். நீர் வடிந்தது.

"அஞ்சு!"

பலகையின் மேல்முனை. கரை பக்கத்துக் கம்பம் முனகியது.

"யாகோதா!"

அவள் ஓடினாள். முதுகுகள். தோள்கள். யாரோ அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். யாரோ கையில் ஒரு கப்பைத் திணித்தார்கள். வானம் வெடித்துச் சிவந்தது. "வாழ்வோம்!" கரை முழுக்கக் கண்ணாடிக் குவளைகள் இடித்தன. டிங். டிங். டிங். அவள் பின்னால் மிதவை லேசாக, மிக லேசாக, காலித் தகரம்போல ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கி வெளியே வந்தபோது யாகோதா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ஓரடி எடுத்து வைக்கப் பார்த்தாள். வரவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள்.

கல்லாக உறைந்த பனியில் அவள் பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

"அம்மா," என்றாள். குழப்பமாக. பயப்படக்கூடத் தெரியாமல். "தோளு என்னமோ கனக்குது."

கோட்டின் இடது தோள் அமுங்கியிருந்தது. கம்பளி நசுங்கி, ஈரம் ஊறி, நீர் சொட்டியது. அவள் முழங்கால் மடங்கியது. பனி நொறுங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

நெவென்கா மகளின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பெருங்குளிரில் யாகோதாவின் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. சின்ன மூச்சு. பயந்த மூச்சு.

அதற்கு மேலே, அவள் தலைக்கு மேலே, ஒரு நெட்டை மனிதனின் வாய் இருக்கும் உயரத்தில், ஒன்றுமில்லாத இருட்டிலிருந்து இன்னொரு மூச்சு வெள்ளையாக, கனமாக, நிதானமாக வந்தது.